காரணம் சொல்லாத வாக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையின் புதிய அரசியலமைப்பு பற்றிக் கடந்த ஞாயிறு தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை, மத்திய சுவிற்சர்லாந்தின் ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு இரண்டு முறை வாசித்தேன். மொழி, மதம், அதிகாரப் பகிர்வு ஆகிய விடயங்களில் சிறுபான்மை மக்களுக்கு எந்த அளவு உரிமை இருக்க வேண்டும் என்பதை நாடாளுமன்றமோ நீதிமன்றமோ முடிவு செய்யக் கூடாது, நாட்டு மக்கள் எல்லோரும் சர்வசன வாக்கெடுப்பில் முடிவு செய்யட்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதற்கு அவர் முன்மாதிரியாகக் காட்டிய நாடு சுவிற்சர்லாந்து. நான் 1985 முதல் வாழ்ந்து வரும் நாடு அது. இந்த நாட்டின் வாக்கெடுப்புகளில் ஒரு காலத்தில் வாக்களிக்கப்படும் பொருளாகவும், பின்னர் வாக்களிக்கும் பிரஜையாகவும் இருந்திருக்கிறேன். அந்த இரண்டு நிலைகளையும் அறிந்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லி விடுகிறேன். இந்நாட்டு மக்களின் நேரடி வாக்குரிமை மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. ஆண்டுக்கு நான்கு ஞாயிறுகள் வாக்கெடுப்புக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. சில வாரங்களுக்கு முன்பே தபாலில் ஒரு தடித்த உறை வரும். அதற்குள் சமஷ்டி அரசு அனுப்பும் சிறிய சிவப்புக் கையேடு இருக்கும். முன்மொழிவு என்ன, ஆதரிப்போர் சொல்வது என்ன, எதிர்ப்போர் சொல்வது என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். சுரங்கப் பாதை அமைப்பது, ஓய்வூதிய வயதை மாற்றுவது, போர் விமானம் வாங்குவது என்று பல விடயங்களை அந்தக் கையேட்டைப் படித்துத்தான் நான் தீர்மானித்திருக்கிறேன். அப்படிப்பட்ட விடயங்களில் தோற்றவரும் வென்றவரும் ஒரே வரியைக் கட்டி, ஒரே பாதையில் பயணம் செய்கிறார்கள். இன்று தோற்றவர் அடுத்த ஞாயிறு வெல்லவும் கூடும். ஆனால் வாக்களிப்போர் எந்த நாளும் சுமக்கப் போகாத ஒரு சுமையை, எந்த நாளும் வெல்ல முடியாத ஒரு சிறு தொகையினர் மீது ஏற்றலாமா என்று அதே வாக்குச் சீட்டில் கேட்கும்போது விடயம் வேறாகி விடுகிறது.

என் சொந்த அனுபவத்தைச் சொன்னால் இது விளங்கும். சுவிஸ் பிரஜாவுரிமை மூன்று படிகளில் கிடைக்க வேண்டும். சமஷ்டி அரசும், மாநிலமும், நாம் வாழும் உள்ளூராட்சி மன்றமும் சம்மதிக்க வேண்டும். அக்காலச் சட்டப்படி 12 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். நானும் என் மனைவியும் விண்ணப்பித்தோம். ஜெர்மன் மொழியில் பேசச் சொன்னார்கள், ஊர் வரலாற்றைக் கேட்டார்கள், வரி கட்டிய பற்றுச்சீட்டுகளைப் பார்த்தார்கள், அயலவர்களிடம் விசாரித்தார்கள். இவை எல்லாம் நியாயமானவையே. கடைசிப் படி ஊர்ச்சபைக் கூட்டம். 1999 நவம்பர் மாதத்தில் ஓர் இரவு, பாடசாலை மண்டபத்தில் ஏறத்தாழ 200 பேர் கூடியிருந்தார்கள். எங்களோடு அன்று விண்ணப்பித்திருந்தது கொசோவோவில் இருந்து வந்த இன்னொரு குடும்பம். தந்தை ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர். பிள்ளைகள் மூவரும் எங்கள் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். எங்கள் இரு குடும்பங்களையும் மண்டபத்துக்கு வெளியே போய் நிற்கச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கைகள் உயர்வதும் தாழ்வதும் மங்கலாகத் தெரிந்தது. சிறிது நேரத்தில் எழுத்தர் ஒருவர் வெளியே வந்து எங்களுக்குக் கை கொடுத்தார். கொசோவோ குடும்பத்தினரிடம், வருந்துகிறேன் என்று மட்டும் சொன்னார்.

அந்த மனிதர் எழுத்தரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஏன்? எழுத்தரிடம் பதில் இல்லை. அவர் மறைத்ததாக நான் நினைக்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. 200 பேரில் யார் எதற்காகக் கை தூக்கினார்கள் என்பது எவருக்கும் தெரியாது. இரு குடும்பத்தின் விண்ணப்பங்களையும் ஊர்க் குழு ஒரே மாதிரிப் பரிந்துரைத்திருந்தது. மறுநாள் காலை அந்த மனிதர் அதே ஊரின் கடைக்குப் போய்ப் பாண் வாங்க வேண்டும்; அதே ஆட்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். முதல் நாள் இரவு தன்னை வேண்டாம் என்று சொன்னவர் இவரா, அவரா என்று எண்ணிக்கொண்டே அவர் அந்தத் தெருவில் நடந்திருப்பார். வாக்கில் வென்ற நானும் அதன் பிறகு பல மாதங்கள் அவர் முகத்தை நேராகப் பார்க்கக் கூசினேன். எங்களுக்குச் சம்மதம் கிடைத்ததற்கான காரணமும் எவருக்கும் தெரியாது அல்லவா?

எங்கள் ஊரில் நடந்தது செய்தியாகவில்லை. சில மாதங்களுக்குப் பின்னர் லூசேர்ன் மாநிலத்தில் நடந்தது உலகச் செய்தியாகியது. லூசேர்ன் நகரை அடுத்த எம்மன் என்ற ஊரில், பிரஜாவுரிமை விண்ணப்பங்களை வாக்குப் பெட்டியில் முடிவு செய்யும் வழக்கத்தைக் கொண்டு வந்திருந்தார்கள். விண்ணப்பதாரிகளின் பிறந்த நாடு, வருமானம், வரி விவரம், பொழுதுபோக்கு எல்லாம் அச்சிட்ட பிரசுரம் வீடு வீடாகச் சென்றது. 2000 மார்ச் 12 அன்று 56 பேரின் விதி ஒரே நாளில் முடிவாகியது. இத்தாலியப் பின்னணி கொண்ட 8 பேர் ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். எஞ்சிய 48 பேர் மறுக்கப்பட்டார்கள். மறுக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்னைய யூகோஸ்லாவியாவில் இருந்து வந்தவர்கள். அவர்களுள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள்.

2003 ஜூலை 9 அன்று சமஷ்டி நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைத் தங்கள் வாசகர்கள் எல்லோரும் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். கட்டுரையாளர் அதைக் குறிப்பிடவே இல்லை. அந்தத் தீர்ப்பின் சாரம் இது. ஒருவருக்குப் பிரஜாவுரிமை கொடுப்பதா மறுப்பதா என்பது ஒரு தனிமனிதரின் சட்ட நிலையைத் தீர்மானிக்கும் செயல். அரசின் அதிகாரத்தைச் செலுத்தும் எவரும் அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட்டவர். வாக்காளர்கள் கூடி அந்த அதிகாரத்தைச் செலுத்தும்போது அவர்களும் கட்டுப்பட்டவர்களே. மறுக்கப்பட்டவருக்குக் காரணம் அறியும் உரிமை உண்டு. இரகசிய வாக்கெடுப்பு எந்தக் காரணத்தையும் சொல்லாது. அதனால் சொல்லவும் முடியாது. ஆகவே பிரஜாவுரிமையை வாக்குப் பெட்டியில் முடிவு செய்வது அரசியலமைப்புக்கு முரணானது. தோற்றத்தின் பெயரால் பாகுபாடு காட்டப்பட்டது என்பதையும் நீதிமன்றம் ஏற்றது. கொசோவோ மனிதர் அந்த இரவில் கேட்ட ஒற்றைச் சொல் கேள்விக்கு, மூன்றரை ஆண்டுகள் கழித்து நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சட்ட வடிவம் கொடுத்தது என்றே நான் அன்று உணர்ந்தேன்.

தீர்ப்பை எதிர்த்துப் பெரும் கிளர்ச்சி எழுந்தது. மக்களுக்கு மேலே நீதிபதிகளா என்று கேட்டார்கள். தங்கள் கட்டுரையாளர் கேட்பதும் அதே கேள்விதான். சுவிஸ் மக்கள் கட்சி கையெழுத்துச் சேகரித்து, ஊர் மக்களின் முடிவே இறுதியானது என்று அரசியலமைப்பில் எழுத வேண்டும் எனக் கோரியது. 2008 ஜூன் 1 அன்று அந்தக் கோரிக்கை நாடு முழுவதும் வாக்கெடுப்புக்கு வந்தது. ஏறத்தாழ 64 வீதமான வாக்காளர்கள் அதை நிராகரித்தார்கள். நானும் அன்று வாக்களித்தேன். தம் அதிகாரத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை அதே மக்கள் ஏற்றுக்கொண்ட நாள் அது. சுவிஸ் மக்களிடம் நான் கண்ட பெருமைக்குரிய முடிவுகளில் ஒன்றாக அதைக் கருதுகிறேன்.

இருந்தும், இந்நாட்டு நேரடி வாக்குரிமையின் வரலாற்றில் இன்னொரு பக்கம் இருக்கிறது. ஒரு தொகை மக்கள் கையெழுத்திட்டு அரசியலமைப்பில் திருத்தம் கோரும் முறை 1891-இல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் புதிய உரிமையை மக்கள் முதன்முதலாக எதற்குப் பயன்படுத்தினார்கள்? 1893-இல், விலங்கை மயக்கமடையச் செய்யாமல் அறுப்பதைத் தடை செய்தார்கள். யூதர்களின் மத விதிப்படியான அறுப்பு அதனால் நின்றது. 60 வீதத்துக்குச் சற்று மேலானோர் ஆதரித்தார்கள். சமஷ்டி அரசும் நாடாளுமன்றமும் எதிர்த்திருந்தன. உயிரிரக்கம் என்ற நேர்மையான நோக்கத்தோடு வாக்களித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். யூத வெறுப்போடு வாக்களித்தவர்களும் இருந்தார்கள். இரண்டையும் பிரித்துக் காட்டும் வழி வாக்குச் சீட்டில் இல்லை. அந்தத் தடை பின்னாளில் அரசியலமைப்பில் இருந்து விலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறி இன்றும் நிலவுகிறது. அதற்கு முன், 1866-இல் யூதர்களுக்கு நாட்டில் எங்கும் குடியேறும் உரிமையை வழங்கியதும் ஒரு வாக்கெடுப்புத்தான். ஆனால் அன்று பிரான்ஸ் முதலிய நாடுகள் வணிக உடன்படிக்கைகளின் ஊடாக அழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தன. அதே நாளில் வாக்கெடுப்புக்கு விடப்பட்ட முழுமையான வழிபாட்டுச் சுதந்திரம் தோற்றது. அதற்கு 1874 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2009 நவம்பர் 29 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிவாசல்களில் புதிய மினாரெட் கோபுரம் கட்டுவதைத் தடை செய்யும் திருத்தத்துக்கு அன்று வாக்கெடுப்பு. நாடு முழுவதிலும் அப்போது இருந்த மினாரெட்டுகள் நான்கே. அவற்றில் ஒன்று, ஒல்ட்டன் நகருக்கு அருகே வாங்கன் என்ற ஊரில் உள்ளது; அதன் உயரம் ஏறத்தாழ ஆறு மீட்டர். சமஷ்டி அரசு எதிர்த்தது, நாடாளுமன்றம் எதிர்த்தது, கருத்துக்கணிப்புகள் திருத்தம் தோற்கும் என்றன. மாலையில் 57.5 வீதம் ஆதரவு என்று அறிவித்தார்கள். 26 மாநிலங்களில் 22 அதை ஆதரித்தன. கட்டாயச் சர்வதேச விதிமுறைகளை மீறாத எந்த முன்மொழிவும், 18 மாதத்தில் 100,000 கையெழுத்துகள் சேர்ந்தால் மக்கள் முன் வந்தே தீர வேண்டும் என்பது இங்குள்ள ஏற்பாடு. ஆகவே அதைத் தடுத்து நிறுத்தும் நிலையில் எவரும் இருக்கவில்லை. எம்மனில் மறுக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போக முடிந்தது. இங்கே அரசியலமைப்பே மாறிவிட்டதால் அந்தக் கதவும் அடைபட்டது.

அன்று இரவு எங்கள் கோயிலில் பஜனை முடிந்தபின் பேச்செல்லாம் இதைப் பற்றித்தான். இந்நாட்டில் வாழும் ஏறத்தாழ அரை இலட்சம் ஈழத் தமிழரில் பெரும்பாலோர் சைவர்கள். பழைய தொழிற்சாலைக் கட்டடங்களிலும் களஞ்சிய அறைகளிலும் எங்கள் கோயில்கள் தொடங்கின. பின்னர் சில இடங்களில் கோபுரமும் எழுந்தது. பேர்ன் நகரில் 2014-இல் திறக்கப்பட்ட பல்சமய இல்லத்தில் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் அருகே ஓர் இந்துக் கோயிலும் இருக்கிறது. நம்மைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லையே, அது முஸ்லிம்களின் விடயம் என்று அன்று சிலர் ஆறுதல் கூறினார்கள். எனக்கு அந்த ஆறுதல் ஒட்டவில்லை. பாடசாலை மண்டபத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கை குலுக்கப்பட்டவனாக நின்ற அதே உணர்வுதான் வந்தது.

யார் வாக்களிக்கிறார்கள் என்பது யாரைப் பற்றி வாக்களிக்கிறார்கள் என்பதிலிருந்து பிரிக்க முடியாதது. இந்நாட்டில் வாழ்வோரில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வெளிநாட்டவர். சமஷ்டி வாக்கெடுப்பில் அவர்களுக்கு வாக்கு இல்லை. பெண்களின் கதையும் இதையே சொல்கிறது. பெண்கள் தொகையில் சிறுபான்மையினர் அல்லர். ஆனால் வாக்காளர் பட்டியலுக்கு வெளியே இருந்தார்கள். 1959 பெப்ரவரி 1 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமா என்று ஆண்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ 67 வீதமானோர் வேண்டாம் என்றார்கள். 1971-இல்தான் சம்மதம் கிடைத்தது. அப்பன்செல் இன்னரோடன் என்ற சிறு மாநிலத்தின் ஆண்கள் 1990 ஏப்ரலிலும் திறந்தவெளிச் சபையில் கைதூக்கி மறுத்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் சமஷ்டி நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அங்குள்ள பெண்கள் தம் மாநில அலுவல்களில் வாக்களிக்க முடிந்தது. அந்த மாநிலத்தில் பிறந்த பெண் ஒருவரோடு நான் பல ஆண்டுகள் வேலை செய்தேன். தன் தாய் 60 வயதைக் கடந்த பிறகே ஊர்ச்சபையில் முதன்முதலாகக் கை தூக்கினார் என்று அவர் சொன்னபோது அவர் குரலில் இருந்த கசப்பை மறக்க முடியவில்லை.

எதிர்த் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. மக்கள் வாக்கு சிறுபான்மையினருக்குக் கைகொடுத்த நாட்களும் உண்டு. மிகச் சிறிய தொகையினர் பேசும் ரோமாஞ்சு மொழியை 1938-இல் நான்காவது தேசிய மொழியாக ஏற்றபோது 90 வீதத்துக்கு மேற்பட்டோர் ஆதரித்தார்கள். இனவெறிப் பேச்சைத் தண்டிக்கும் சட்டத்தை 1994-இல் சிறு பெரும்பான்மையால் நிலைநிறுத்தினார்கள். ஒரே பாலினத்தவர் மணம் புரியும் சட்டத்தை 2021-இல் 64 வீதமானோர் ஏற்றார்கள்; அயர்லாந்து மக்கள் அதை 2015-இலேயே செய்தார்கள். மக்கள் மனமுவந்து கொடுத்த உரிமை, நீதிமன்றம் கொடுத்த உரிமையைவிடச் சமூகத்தில் உறுதியாக வேரூன்றும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அயர்லாந்து மக்கள் ஏற்ற அதே 2015-இல், அத்தகைய சட்டம் ஒன்றைச் சுலோவேனிய வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். இரு நாடுகளிலும் ஒரே விதமான மனிதர்கள் ஒரே விதமான வாழ்க்கையைத்தான் கேட்டார்கள். ஒருவர் தம் வாழ்நாளின் மிக நெருக்கமான உறவை அயலவர் எல்லோர் முன்னும் பரீட்சைக்கு விட்டு, மாதக்கணக்கில் சுவரொட்டிகளில் தம்மைப் பற்றிய தீர்ப்புகளை வாசித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதும் இரு நாடுகளிலும் ஒன்றுதான். வென்றாலும் அந்தக் காத்திருப்பின் காயம் ஆறாது. கை குலுக்கப்பட்டவன் என்ற முறையில் அதை என்னால் சொல்ல முடியும்.

சுவிஸ் முறையிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு என்றால் அது யூரா மாநிலத்தின் கதை. தங்கள் வாசகர்கள் அதை ஆர்வத்தோடு படிப்பார்கள் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். ஜெர்மன் மொழி பேசும் பெரும்பான்மையைக் கொண்ட பேர்ன் மாநிலத்தின் வட மேற்கில், பிரெஞ்சு மொழி பேசும் யூரா மக்கள் நெடுங்காலம் தனி மாநிலம் கோரினார்கள். 1959-இல் அக்கோரிக்கை பேர்ன் மாநிலம் முழுவதிலும் வாக்கெடுப்புக்கு விடப்பட்டுத் தோற்றது. யூராவிலேயே அன்று சிறு வித்தியாசத்தில் தோற்றது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரச்சினை அதோடு ஓயவில்லை. கிளர்ச்சிகளும் தீவைப்புகளும் தொடர்ந்தன. 1970-இல் பேர்ன் மக்கள் ஓர் அரிய முடிவை எடுத்தார்கள். யூராவின் எதிர்காலத்தை யூரா மக்கள் மட்டும் வாக்களித்து முடிவு செய்யலாம் என்று தங்கள் மாநில அரசியலமைப்பைத் திருத்தினார்கள். 1974 ஜூன் 23 அன்று யூரா மக்கள் மட்டும் வாக்களித்துத் தனி மாநிலத்தைத் தெரிந்தெடுத்தார்கள். அதன் பின்னர் மாவட்டம் மாவட்டமாகவும், எல்லையோர ஊர் ஊராகவும் மீண்டும் கேட்டார்கள். தெற்கு மாவட்டங்கள் பேர்னிலேயே இருக்க விரும்பின, அப்படியே விடப்பட்டன. 1978-இல் நாடு முழுவதும் புதிய மாநிலத்தைப் பெரும் ஆதரவோடு வரவேற்றது. மூத்தியே என்ற ஊரின் நிலை மட்டும் இழுபறியாகவே இருந்து, அவ்வூர் மக்கள் 2021-இல் வாக்களித்து, 2026 ஜனவரி 1 முதல் யூராவோடு சேர்ந்தார்கள். அரை நூற்றாண்டு எடுத்தது. பெரும்பான்மை தன்னிடம் இருந்த வாக்குப் பலத்தைத் தானே ஒதுக்கி வைத்து, பாதிக்கப்படுபவரிடம் கேட்டது என்பதே இதில் உள்ள பெருமை. கட்டுரையாளர் கேட்கும் நாடளாவிய சர்வசன வாக்கெடுப்பு இதற்கு நேர் எதிரானது.

இனி எங்கள் நாட்டுக்கு வருகிறேன். இலங்கையில் சிறுபான்மை உரிமைகளைப் பறித்தது பெரும்பாலும் நாடாளுமன்றம், சர்வசன வாக்கெடுப்பு அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். ஆனால் செயற்பட்ட கணக்கு ஒன்றே. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1947 தேர்தலில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களுக்கு அடுத்த தேர்தலில் வாக்கே இல்லை. அதாவது தம்மைப் பற்றிய அடுத்த எந்த வாக்கிலும் அவர்கள் எண்ணப்படவில்லை. 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் கையெழுத்திட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அந்த மனிதர்களில் ஒருவரிடமும் எவரும் எதையும் கேட்கவில்லை. 1956 ஜூன் மாதத்தில் சிங்களம் மட்டும் சட்டம் 56 வாக்குகளுக்கு 29 வாக்குகள் என்ற கணக்கில் நிறைவேறியது.

இந்தச் சட்டங்களைத் தடுத்திருக்க வேண்டிய ஒரு வேலி அன்றைய அரசியலமைப்பில் இருந்தது. சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு, எந்த ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் இடையூறு விளைவிக்கும் சட்டத்தை இயற்றக் கூடாது என்றது. பிரஜாவுரிமை வழக்கில், அன்று இலங்கையின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் 1953-இல் அந்த வேலியைப் பயன்படுத்த மறுத்தது. ஆனால் கோடீஸ்வரன் என்ற தமிழ் அரச ஊழியர், சிங்களம் படிக்காததற்காகத் தன் சம்பள உயர்வை நிறுத்தியதை எதிர்த்து வழக்காடியபோது, 1964-இல் மாவட்ட நீதிபதி ஒருவர் மொழிச் சட்டம் 29-ஆம் பிரிவை மீறுகிறது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது வேறொரு காரணத்துக்காகத் தள்ளப்பட்டது. 1969-இல் கோமறைக் கழகம் அந்தத் தள்ளுதலைத் தவறு என்று கூறித் திருப்பி அனுப்பியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்விக்கு விடை கிடைக்கும் முன்பே 1972 அரசியலமைப்பு 29-ஆம் பிரிவை இல்லாமல் செய்தது. நீதிபதிகளும் தவறுகிறார்கள் என்பதற்கு இதில் சான்று இருக்கிறது. ஆனால் அவர்கள் தவறியதை நாம் எப்படி அறிகிறோம்? அவர்கள் காரணத்தை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுதிய காரணத்தைச் சட்ட மாணவன் இன்றும் படித்து, இது பிழை என்று காட்டலாம். 57.5 வீதம் என்ற எண்ணிடம் எதை வாதிடுவது?

சர்வசன வாக்கெடுப்பையும் நாம் ஒருமுறை பார்த்திருக்கிறோம். 1982 டிசம்பர் 22. நாடாளுமன்றத் தேர்தலே இல்லாமல் அதன் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டலாமா என்று கேட்டார்கள். சம்மதம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். அக்டோபர் ஜனாதிபதித் தேர்தலுக்குப் பின் நான் போட்ட இரண்டாவது வாக்கு அது. அவசரகால நிலையின் கீழ் நடந்த வாக்கெடுப்பு. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டோர் குடத்துக்குப் போட்டோம். நாடளாவிய கூட்டலில் ஏறத்தாழ 55 வீதத்தோடு விளக்கு வென்றது. ஒரு மாவட்டமே ஒரு குரலில் சொன்னது அந்தக் கூட்டலில் கரைந்து போயிற்று. அடுத்த ஜூலையில் நடந்தவற்றை நான் இங்கே எழுத வேண்டியதில்லை.

இன்றைய அரசியலமைப்பின் 83-ஆம் உறுப்புரையையும் கட்டுரையாளர் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவோடு மக்களின் சம்மதமும் இல்லாமல் மாற்றக் கூடாதவை எவை என்ற பட்டியல் அதில் இருக்கிறது. ஒற்றையாட்சி அதில் உண்டு. பௌத்தத்துக்கு முதன்மை இடம் அதில் உண்டு. மனச்சாட்சிச் சுதந்திரமும், சித்திரவதைக்கு எதிரான பாதுகாப்பும் உண்டு, அது நல்லது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று சொல்லும் 12-ஆம் உறுப்புரை அந்தப் பட்டியலில் இல்லை. மொழிகள் பற்றிய அத்தியாயமும் இல்லை. ஆக, பெரும்பான்மையினருக்கு அருமையானவற்றை மாற்ற வேண்டுமானால் பெரும்பான்மையினரிடம் கேட்க வேண்டும். சிறுபான்மையினருக்கு அருமையானவற்றை மாற்றச் சிறுபான்மையினரிடம் கேட்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, நிறைவேறிவிட்ட சட்டத்தை எந்த நீதிமன்றமும் பின்னர் செல்லாதாக்க முடியாது.

தமிழராகிய நாமும் எங்கள் முற்றத்தில் பெரும்பான்மைதான் என்பதை மறந்து இதை எழுதினால் அது பாதி உண்மையாகிவிடும். சாதியின் பெயரால் ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957-இல் வந்தது. அதற்குப் பதினோர் ஆண்டுகள் கழித்து, 1968-இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே விடுமாறு கேட்டு நிற்க வேண்டியிருந்தது; அவர்களைத் தடுத்தவர்களும் தமிழர்கள், சைவர்கள். அந்த ஆண்டில் எங்கள் ஊர்களில் ஆலயப் பிரவேசம் பற்றி ஒரு வாக்கெடுப்பு வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை என் வயதையொத்த எவரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும். எங்கள் வீட்டுத் திண்ணையில் அன்று நடந்த பேச்சுகள் என் காதில் இன்னும் இருக்கின்றன. ஆறு வயதுப் பையனாக அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்த நான்தான், முப்பது ஆண்டுகள் கழித்து வேற்று நாட்டில் ஒரு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன்.

எம்மன் தீர்ப்புக்குப் பின் இங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். 2009 முதல், ஊர்ச்சபையில் ஒருவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டுமானால், யாராவது எழுந்து அதை முன்மொழிய வேண்டும். முன்மொழிபவர் காரணத்தையும் கூற வேண்டும். காரணமின்றி நிராகரிக்க முடியாது. மறுக்கப்பட்டவர் மாநில நீதிமன்றத்துக்குப் போகலாம். அதன் பிறகு நடந்த ஒரு கூட்டத்தில், அதே பாடசாலை மண்டபத்தில், நான் பிரஜையாக அமர்ந்திருந்தேன். 1999-இல் மறுக்கப்பட்ட அந்தக் கொசோவோ மனிதரின் மூத்த மகள் அன்று விண்ணப்பித்திருந்தார். பின் வரிசையில் ஒருவர் எழுந்து, இந்த விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டும் என்றார். தலைவர் அமைதியாக, காரணத்தைச் சொல்லுங்கள், பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டார். அவர் சிறிது நேரம் நின்றார். எழுத்தர் பேனாவோடு காத்திருந்தார். அவர் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்தார். தலைவர் அடுத்த விடயத்துக்குப் போனார்.

இங்ஙனம்,
யாழ்ப்பாணத்தில் பிறந்த வாசகர் ஒருவர்,
மத்திய சுவிற்சர்லாந்து.